கோயிலுக்குப் புல் வேண்டும், புல்லுக்குச் சதுப்பு வேண்டும்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: "பழைய பழக்கவழக்கங்களுக்குத் திரும்பினாலே சுற்றுச்சூழல் தானாகச் சரியாகிவிடும், பழங்குடிகளைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீலகிரியில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இது உண்மையா, வெறும் மேடைப் பேச்சா?"

பாதி உண்மை. அது எந்தப் பாதி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். ஆனால் இந்த மலையின் ஆதிக்குடி கிடையாது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்த தேயிலை, காட்டை அழித்து நட்ட தேயிலைதான். அதனால் "எங்கள் பாரம்பரியம் காட்டைக் காத்தது" என்று சொல்லிக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சோலைக்காட்டு மரங்களின் நாற்றங்காலில் வேலை செய்கிறேன், விதை பொறுக்குவது, நாற்று வளர்ப்பது, நடுவது, செத்துப்போனதை எண்ணுவது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் என்று இந்த மலைக்குடிகளின் எல்லா ஊர்களுக்கும் அந்த வேலையாகப் போய் வந்திருக்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் அப்படிப் பார்த்ததும், இதைப் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்.

என் கண்ணைத் திறந்தது ஒரு தோல்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மரம் நடு விழா. அவலாஞ்சிக்குப் போகிற வழியில் ஒரு மந்தின் (தோடர் குடியிருப்பின்) பக்கத்தில் பெரிய புல்வெளிச் சரிவு, அதில் ஆயிரத்துச் சொச்சம் சோலை நாற்று நட்டோம். காட்டுச் செண்பகம், நாவல் வகைகள், எல்லாம் இந்த மலையின் சொந்த மரங்கள்தான், வெளிநாட்டு மரம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் தப்பே செய்யவில்லை என்ற நினைப்பு எங்களுக்கு. மந்திலிருந்து ஒரு பெரியவர் பூத்துக்குளி என்கிற தோடர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம், "தம்பி, இது மரம் நிக்கிற இடம் இல்லையே, எருமை மேயற இடமாச்சே" என்றார். மேய்ச்சல் போய்விடுமே என்ற கவலையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "சரிங்கய்யா, மரம் வந்தா மழை வரும்" என்று பதில் சொல்லிவிட்டேன். டிசம்பர் கடைசியில் உறைபனி கொட்டியது. விடியற்காலையில் புல் முழுக்க உப்பைத் தூவியதுபோல வெள்ளை. வெயில் ஏறியதும் நாற்றுகளின் இலையெல்லாம் கொதிதண்ணீர் ஊற்றியதுபோலக் கருகித் தொங்கின. பிப்ரவரியில் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கின.

அந்தப் பெரியவர் சொன்னதில் ஒரு மலையின் அறிவியலே இருக்கிறது. நீலகிரியின் உச்சிப் பகுதியும் பழனி மலையின் மேல்பகுதியும் இயல்பில் முழுக்கக் காடு கிடையாது. பள்ளங்களிலும் மடிப்புகளிலும் சோலை, மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி, இரண்டுக்கும் நடுவே தண்ணீர் கசியும் இடங்களில் சதுப்பு. குளிர்காலத்தில் திறந்த புல்வெளியில் இரவுக்குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், சோலை மரங்களின் குட்டிகளுக்கு அது தாங்காது, அதனால் சோலை தன் மடிப்பை விட்டு வெளியே வராது. புல்வெளியில் தனியாக நிற்கிற மரம் என்றால் பெரும்பாலும் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசுதான், அதன் தடித்த பட்டைக்குப் பனியும் தாங்கும், தீயும் தாங்கும். "மனிதன் காட்டை அழித்துத்தான் இந்தப் புல்வெளி வந்தது" என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சதுப்பின் அடியில் படிந்திருக்கும் கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவுகள், ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டின. இந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியது இல்லை.

ஆங்கிலேயர் பார்வையில் புல் என்றால் தரிசு. ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார், அதற்கு அடுத்த முப்பது வருடத்துக்குள் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தன. முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிடும் பட்டைக்கு, சுதந்திரத்துக்குப் பின் ஆலைகளுக்கான மரக்கூழுக்கு என்று மலை மலையாக நட்டார்கள். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. போன இடத்தில் நிற்பது சீகை, பைன், கற்பூரம், விவசாயம். நாற்பது வருடத்தில் இவ்வளவும் என்று நினைத்துப் பாருங்கள்.

"மரம்தானே, நல்லதுதானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீலகிரியின் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் கற்பூர மரம் நட்டு, ஓடையில் வரும் தண்ணீரை ஊட்டியில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் வருடக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் மரம் நட்ட பக்கம் தண்ணீர் சுமார் 16% குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25% குறைந்தது. பைக்காராவில் மின்சாரம் எடுப்பதும், பவானியில் பாசனம் நடப்பதும் இந்த ஓடைகளை நம்பித்தான். "மரம் வந்தா மழை வரும்" என்று அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது இந்த மலை உச்சியைப் பொறுத்தவரை தலைகீழ்.

சரி, இதில் பாரம்பரியம் எங்கே வருகிறது? அந்தப் பெரியவருக்குப் புல்லைப் பற்றி எப்படித் தெரிந்தது என்பதில் வருகிறது.

தோடர்களின் வாழ்க்கை எருமையைச் சுற்றியது. எருமைகளில் தரம் உண்டு, சில மந்தைகள் கோயிலுக்கு உரியவை, அவற்றின் பாலைப் பூசாரிதான் கறந்து, கடைந்து, நெய்யாக்க வேண்டும். கோயில் என்பதே ஒரு பால்மனைதான். மந்துக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையில்கூட மேல்பகுதி கோயில் உபயோகத்துக்கு, கீழ்ப்பகுதி வீட்டு உபயோகத்துக்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். தண்ணீர் வரும் தலைப்பக்கம் யாரும் கால் வைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது கோயிலின் கூரையைப் பாருங்கள். ஊட்டிக்கு அருகில் முத்தநாடு மந்தில் கூம்பு வடிவத்தில் உயர்ந்து நிற்கும் மூன்போ கோயிலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மற்ற மந்துகளில் பெரும்பாலும் அரைவட்டமாக வளைந்த கோயில்கள். கூரைக்கு எல்லாப் புல்லும் ஆகாது. உயரமான சதுப்புகளில் மட்டும் வளரும் ஒரு புல் இருக்கிறது, தாவரவியலில் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரியை என்று பெயர், நீலகிரியின் மேல்பகுதியை விட்டால் வேறு இடத்தில் தேடுவது வீண். அதை அறுத்து, காயவைத்து, கட்டுக்கட்டாகச் சுமந்து வந்துதான் வேய வேண்டும். சட்டத்துக்கு மூங்கிலும் பிரம்பும் வேண்டும், அவை மேலே கிடைக்காது, கீழ்ச்சரிவின் ஈரக்காடுகளுக்கு இறங்கிப் போக வேண்டும். கூரை நிரந்தரமும் கிடையாது, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

ஒரு கோயிலைக் கட்டி நிறுத்த மேலே ஒரு சதுப்பு உயிரோடு இருக்க வேண்டும், கீழே ஒரு காடு உயிரோடு இருக்க வேண்டும், இரண்டுக்கும் போய்வர வழி இருக்க வேண்டும், எந்தப் புல் எந்த மாதத்தில் முற்றும் என்று தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். சதுப்பை வடித்து கேரட் போட்டுவிட்டால் அடுத்த கூரைக்குப் புல் இல்லை. அதனால் எந்தச் சதுப்பு நன்றாக இருக்கிறது, எது வற்றிக்கொண்டிருக்கிறது என்று ஊட்டி வட்டாரத்தில் யாரையாவது கேட்கவேண்டும் என்றால் நான் முதலில் மந்துக்குத்தான் போவேன். அவர்கள் இயற்கை ஆர்வலர்களாக இருப்பதால் இல்லை. அடுத்த கூரைமாற்றத்துக்கு எங்கே அறுப்பது என்று அவர்கள் யோசித்தே ஆகவேண்டும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஒரு வழக்கம் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட பொருளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தால், அந்த இடத்தை யாராவது கவனித்துக்கொண்டே இருப்பார்கள். கேட்பது நின்றுபோனால் கவனிப்பும் நின்றுவிடும். தெய்வம், பயம், மரியாதை எல்லாம் அந்தக் கவனிப்பைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோக உதவுகின்றன, மறுக்கவில்லை. கோத்தகிரி அருகே பனகுடி சோலை தெய்வக்காடாக இருப்பதால்தான் சுற்றிலும் தேயிலை ஆனபிறகும் அது தப்பியது. ஆனால் பக்தி மட்டும் போதும் என்று நினைத்தால் கோயிலைச் சிமெண்டில் கட்டிக்கொண்டு பக்தியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், சதுப்பு மட்டும் போய்விடும். தமிழ்நாடு முழுக்க எத்தனையோ அய்யனார் காடுகளுக்கு நடந்தது இதுதானே. கோயில் பெரிதாகிறது, காடு சின்னதாகிறது.

எதிர்ப்பக்கமாகவும் ஓர் உதாரணம் சொல்கிறேன், சடங்கே இல்லாத உதாரணம். கோத்தகிரியில் லாங்வுட் சோலை என்று 116 ஹெக்டேர் காடு, ஊருக்கு நடுவே இருப்பதுபோலத்தான். 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அதைச் சுற்றியுள்ள பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தோம், பிறகு ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு அமைத்து வனத்துறையோடு சேர்ந்து நிறுத்தினார்கள். பெரிய தொன்மக் கதை எதுவும் தேவைப்படவில்லை, தண்ணீர்க் குழாய் போதுமாக இருந்தது. இன்னும் நூறு வருடம் போனால் அதைச் சுற்றியும் ஒரு கதை உண்டாகும் என்றுதான் நினைக்கிறேன்.

பழனி மலைப் பக்கம் ஒரு உதாரணம், இது எனக்கு மாமியார் வீட்டு விஷயம், மனைவியின் ஊர் தாண்டிக்குடி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பஞ்சாமிர்தத்தின் உயிர் விருப்பாச்சி மலைவாழைப்பழம். தண்ணீர்ச்சத்து குறைந்த பழம், பிசைந்தால் நீர்த்துப் போகாது, அதனால்தான் நாள்பட இருந்தாலும் கெடாமல் தாங்குகிறது. சமவெளி வாழைபோல வருடா வருடம் தோண்டி நடுவதும் கிடையாது. கீழ்ப்பழனி மலையில் நிழல் மரங்களுக்கு அடியில் காபியோடும் மிளகோடும் சேர்ந்து, மழையை மட்டும் நம்பி, வருடக்கணக்கில் அதே குத்தில் கன்று விட்டுக்கொண்டே நிற்கும். பலா, முருக்கு, சில்வர் ஓக் என்று மேலே மரம், நடுவே வாழை, கீழே காபி. மந்தியும் மலை அணிலும் நடமாடும் அளவுக்கு அந்தத் தோட்டங்கள் காடு மாதிரியே இருந்தன, இருக்கின்றன. ஆண்டவனுக்குப் பஞ்சாமிர்தம் வேண்டும் என்ற வழக்கம் அந்தப் பழத்துக்கு ஒரு நிரந்தரச் சந்தையைக் கொடுத்தது, அந்தச் சந்தை நிழல் மரத்தைக் காப்பாற்றியது.

அப்புறம் முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ், நோய் பிடித்த குத்திலிருந்து கன்று எடுத்து நட்டால் கூடவே போகும். பழைய வழக்கப்படி அண்டை வீட்டில் கன்று வாங்கி நட்டதே நோயை மலை முழுக்கக் கொண்டுபோனது. மாமனார் தோட்டத்தில் ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது என்பார். வாழை போனதும் வேறு வருமானம் தேடி நிழல் மரத்தை வெட்டியவர்களும் உண்டு. இதை மீட்டது பழைய பழக்கம் இல்லை, வைரஸ் அற்றவை என்று சோதித்துத் திசுவளர்ப்பில் உண்டாக்கிய கன்றுகள், வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலை. முழுக்க மீண்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கமும் ஆய்வுக்கூடமும் எதிரிகள் என்று பேசுகிறவர்களைத் தாண்டிக்குடிக்கு ஒருமுறை கூட்டிப் போக வேண்டும் என்று தோன்றும். பழனியில் கேட்பு இருந்ததால்தான் அந்தக் கன்றுகளைப் பணம் கொடுத்து வாங்கி மறுபடி நட விவசாயிக்குத் துணிவு வந்தது.

இனி, உண்மையில்லாத பாதிக்கு வருகிறேன். பாரம்பரியம் என்றாலே எல்லாம் அன்பும் சமநிலையும் என்று எழுதுகிறவர்கள் இந்த மலையின் பழைய கதையை முழுசாகக் கேட்டதில்லை. தோடர் நெய் கொடுத்தார்கள், கோத்தர் மண்பானையும் இரும்புக் கருவியும் இசையும் கொடுத்தார்கள், படகர் தானியம் கொடுத்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் மந்திரமும் கொடுத்தார்கள் என்று ஒரு அழகான படம் வரைவார்கள். அப்படியொரு பரிமாற்றம் இருந்தது உண்மை, ஒவ்வொருவரும் மலையிலிருந்து ஒரு அளவுக்குமேல் எடுக்காமல் இருந்ததற்கு அது ஒரு காரணம் என்பதும் நியாயமான பேச்சு. ஆனால் அதே மலையில்தான் 19ஆம் நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்று சந்தேகப்பட்டுக் குறும்பர்களைக் குடும்பத்தோடு கொன்ற சம்பவங்கள் நடந்தன. தோடர் பால்மனைப் பக்கம் பெண்கள் போகக்கூடாது என்பதும் அதே மரபுதான். புல்வெளியைக் காப்பாற்றியதற்காக இதையெல்லாம் நான் நியாயப்படுத்த மாட்டேன், இதற்காக அதை மறக்கவும் மாட்டேன்.

இன்னொரு சிக்கல், நிலம் மாறிவிட்டால் அதே பழக்கம் வேறு வேலை செய்யும். கோடைக்கு முன் காய்ந்த புல்லுக்குச் சிறு தீ வைப்பது இங்கே பழைய வழக்கம், புதுப்புல் தளிர்க்கும், எருமைக்கு நல்லது, புதரும் ஏறாது. வனச்சட்டம் வந்து நிறுத்தியது. நிறுத்தியதாலும் மேய்ச்சல் குறைந்ததாலும் சீகையும் ஸ்காட்ச் புரூம் என்கிற மஞ்சள் பூப் புதரும் புல்லுக்குள் புகுந்தன என்று மந்துகளில் வருத்தப்படுவார்கள், அதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதே தீயை வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றிலும் எண்ணெய் நிறைந்த கற்பூர மரமும் பைனும் நிற்கின்றன, சீகை விதையோ தீ பட்டால் இன்னும் நன்றாக முளைக்கும், மண்ணுக்குள் பத்து இருபது வருடம் தூங்கிக் கிடந்து முளைக்கும் விதை அது. முதலில் சீகையை எடுத்து, புல்லைத் திரும்ப வரவைத்து, அப்புறம் தெரிந்தவர்களை வைத்துச் சிறு இடத்தில் பார்க்கலாம். வரிசை முக்கியம்.

சீகையை எடுப்பதும் லேசான பேச்சு இல்லை. மேடையில் "அந்நிய மரங்களை அகற்றுவோம்" என்று கைதட்டு வாங்கலாம். எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) மூன்று தலைமுறையாக அடுப்பெரிப்பது சீகை விறகு. என் அம்மாவுக்குச் சீகை மரம் தெரிந்த அளவுக்குச் செண்பகம் தெரியாது. காஸ் விலை ஏறும்போதெல்லாம் பெண்கள் அரிவாளோடு போவது அந்தத் தோப்புக்குத்தான். அதையும் ஒரு வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும், வயது குறைந்த வழக்கம். ஒரே மூச்சில் வெட்டினால் விறகுக்கு அவர்கள் சோலைக்குள் போவார்கள். தவிர, கொடைக்கானல் பக்கமும் இங்கேயும் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், உறைபனி விழாத காரணத்தால், சோலை மரக்குட்டிகள் தானாக முளைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கை வைக்காமல் விடுவதுதான் புத்தி. புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் இளஞ்சீகையைப் பிடுங்குவதுதான் முதல் வேலை.

உணவு விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். படகர் ஹட்டிகளில் (ஊர்களில்) ஒரு காலத்தில் சாமை, ராகி, கொரலி என்று சிறுதானியங்கள். பிறகு உருளைக்கிழங்கு, பிறகு தேயிலை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பண்டிகைக்குச் சாமை கட்டாயம் வேண்டும், ஆனால் அது இப்போது மேட்டுப்பாளையம் மளிகைக்கடையிலிருந்து வருகிறது. வழக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் அது எங்கள் மலை மண்ணிடம் எதையும் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பாட்டி இரண்டு வருடமாகத் தேயிலை ஓரத்தில் நாலு பாத்தி சாமை போடுகிறார், "சாமிக்கு வைக்கிறத கடையில வாங்கினா எப்படிப்பா" என்கிறார். நாலு பாத்தியால் மலை மாறாது. ஆனால் விதை வீட்டில் இருக்கிறது, எப்போது விதைப்பது என்று பேத்திக்குத் தெரிகிறது.

குறிஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2006, 2018 என்று பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும்போது தமிழகமே மலையேறுகிறது. திணைக்கே பெயர் கொடுத்த பூ, கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலே இருக்கிறது, ஆசை நியாயம்தான். ஆனால் பூக்காத பதினோரு வருடமும் அந்தச் செடி ஒரு சாதாரணப் பச்சைப் புதர், அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள், ரிசார்ட்டுக்காக மண்ணை வெட்டுகிறார்கள். 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவர உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். பூவின்மேல் உள்ள அன்பு செடியின்மேல் இல்லை. தோடர் சால்வை விஷயமும் இப்படித்தான், அந்தப் பின்னல் வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊட்டிக் கடைகளில் தொங்குவதில் பலவும் மெஷினில் அடித்த நகல். வாங்குவதானால் மந்துக்காரப் பெண்களிடமிருந்தே வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும், ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் நூல் எண்ணிப் பின்னியிருப்பார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: வழக்கம் உள்ளவர்களுக்கு அந்த இடத்துக்குப் போகும் வழியைத் திறந்து வையுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் இதற்காகத்தான் வந்தது, புல் அறுக்க, தேன் எடுக்க, மேய்க்க, வழிவழியாக அனுபவித்துவந்த மற்ற வழக்கங்களைத் தொடர உரிமை உண்டு என்று எழுதியே இருக்கிறது. தாளில் இருப்பது ஒவ்வொரு ஊருக்கும் வரைபடமாகக் கையில் வரவேண்டும். மலைத்தேனீ கூடு கட்டும் பாறையில் குறும்பர் கொடி ஏணி கட்டி இறங்குகிறார்கள், அடுத்த வருடமும் தேனீ அதே பாறைக்கு வரவேண்டும் என்ற அக்கறை அந்தப் பாறைக்குப் போய்க்கொண்டிருப்பவனுக்குத்தான் இருக்கும். கொடியில் தொங்கும்போது மேலே கொடியைக் காப்பது மனைவியின் உடன்பிறந்தவன், தங்கையின் தாலிக்காகவாவது அவன் கைவிட மாட்டான் என்பார்கள். காட்டைப் பூட்டிவிட்டு, தேன் எடுக்கும்போது அவர்கள் பாடும் பாட்டை மட்டும் ஊட்டி கோடைவிழா மேடையில் பாடச் சொன்னால் பாட்டும் பத்து வருடத்தில் வற்றிவிடும்.

கடைசியாக எங்கள் நாற்றங்கால். போன வருடம் அதே மந்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். அந்தப் பெரியவர் இப்போது இல்லை, அவர் பேரன் ஒருவன். "அண்ணா, கூரை மாத்தணும், எங்க சதுப்புல புல் ரொம்பக் குறைஞ்சிருச்சு, மேல் பக்கம் தோட்டம் போட்டுத் தண்ணிய திருப்பிட்டாங்க, நாத்து கிடைக்குமா" என்று கேட்டான். இருபது வருட நாற்றங்காலில் அறுபதுக்கு மேல் மர வகை இருந்தது, ஒரு புல் தட்டுகூட இல்லை. அவர்களோடே போய், இன்னும் நன்றாக இருக்கும் இன்னொரு சதுப்பில், ஒரு குத்துக்கு ஒரு பிடி என்று பிரித்து எடுத்து வந்தோம். எந்தக் குத்தை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்று அவன்தான் காட்டினான். முதல் தடவை சாதாரண நாற்று மண்ணில் வைத்தோம், பாதி அழுகிவிட்டது. பிறகு சதுப்பின் கரிமண்ணையே கொஞ்சம் கலந்து, தட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கும்படி வைத்ததும் வேர் பிடித்தது. இப்போது நானூறு குத்து இருக்கிறது. தண்ணீரைத் திருப்பிய தோட்டக்காரரிடம் மந்துக்காரர்களே போய்ப் பேசி, வாய்க்காலில் பாதியைத் திறந்துவிடச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். ஜூனில் மழை பிடித்ததும் நடப்போகிறோம், எருமை மிதிக்காமல் முதல் வருடம் வேலி கட்ட வேண்டும், அதற்குக் கழி எங்கள் பக்கத்துச் சீகைத் தோப்பிலிருந்து வெட்டிக் கொண்டுபோகிறோம்.